பாகு விழுங்கியது

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே பாகு ஒருமுறை செத்துப்போனான். அப்படித்தான் நாங்கள் எல்லோரும் நம்பினோம். டீச்சர் வேலை பார்த்த அம்மா, சனிக்கிழமை அரைநாள் பள்ளிக்கூடம் முடித்து வந்து, கூண்டுக்குள் துணித் தொட்டிலில் கிடந்தவனைக் கூப்பிட்டுப் பார்த்தாள். கம்பியைத் தட்டிப் பார்த்தாள். கடைசியில் கதவைத் திறந்து இரண்டு கைகளாலும் தூக்கினாள். பிழிந்த துணி போல அவன் தலை ஒரு பக்கமும் வால் ஒரு பக்கமுமாகத் தொங்கியது.

அம்மா அவனைக் கீழே வைக்கவும் இல்லை, யாரையும் கூப்பிடவும் இல்லை. அப்படியே நின்றாள். நான்தான் அழுதுகொண்டே போய் அப்பாவை எழுப்பினேன். அப்பா எதையும் முறையாகச் செய்கிறவர். ஒரு ஷூ டப்பாவை எடுத்து, பழைய துண்டை விரித்து, எங்கே புதைப்பது என்கிற யோசனைக்குப் போய்விட்டார். ஆஸ்டின் டவுனில் எங்களுடையது மாடி வீடு. அக்கம்பக்கத்தில் மண் என்று இருந்தது கீழ்வீட்டு ஆன்ட்டியின் துளசித் தொட்டியில் மட்டும்தான். அதற்கு அவர் சம்மதிக்க மாட்டார் என்று அப்பா வருத்தத்தோடு சொல்லிக்கொண்டிருந்தபோது, குளியலறையிலிருந்து சித்தப்பா தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். டப்பாவைப் பார்த்தார். ஒரு விரலில் மீன் எண்ணெயைத் தொட்டுப் பாகுவின் மூக்கருகே காட்டினார். மூக்கு அசைந்தது. பிறகு பாகு வாயை அகலத் திறந்து கொட்டாவி விட்டான்.

"இதுங்க தூங்குனா இப்டித்தான் அண்ணி. இடி விழுந்தாலும் எந்திரிக்காது. மொதல்லயே சொல்ல மறந்துட்டேன்."

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இனிமே இதக் கூண்டுலேர்ந்து எடுக்கறது, வெக்கறது எல்லாம் நீயே பாத்துக்கோ. என்னால ஆவாது" என்றாள்.

நானும் அப்பாவும் சிரித்தோம். அம்மா ஒரு எலியைவிடச் சற்றே பெரிய பிராணிக்குப் பயந்துவிட்டாள் என்று நான் வகுப்பில் கதை சொன்னேன்.

பாகு ஒரு ஃபெரட். சித்தப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் வெளிநாட்டுக்குப் போகும்போது கூண்டோடு அவரிடம் கொடுத்துவிட்டுப் போனது. கல்யாணமாகாத சித்தப்பா எங்களோடு இருந்ததால் அது எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. நீண்ட உடம்பு, குட்டைக் கால்கள், முகமூடி போட்டது போல் கண்களைச் சுற்றிக் கருப்பு. உடம்பின் நிறம் நெய் ஒழுகும் மைசூர்பாகு. அதனால் நான் பாகு என்று பெயர் வைத்தேன். வீதியில் எல்லோருக்கும் அது கீரி. கீழ்வீட்டு ஆன்ட்டி, "முங்குசி மனேலி சாக்பார்து" என்று அப்பாவைக் கன்னடத்தில் எச்சரித்தார். கீரியை வீட்டில் வளர்க்கக் கூடாது, வனத்துறைக்காரர்கள் பிடித்துக்கொண்டு போவார்கள் என்பது அவர் கவலை. அப்பா அரசு அலுவலகத்தில் இருந்தவர். வனத்துறை என்ற சொல்லே அவரை வாட்டியது. சித்தப்பா ஃபோனில் படங்களைக் காட்டி, இது கீரி அல்ல, நீர்நாய்க்குத்தான் தூரத்துச் சொந்தம் என்று நிரூபித்த பிறகும், யாராவது காலிங்பெல் அடித்தால் அப்பா கூண்டின் மேல் ஒரு பெட்ஷீட்டைப் போடுவார்.

அவன் திருடன். சாக்ஸ், என் அழிரப்பர்கள், டிவி ரிமோட்டின் உறை, அப்பாவின் குளியலறைச் செருப்பிலிருந்து கடித்தெடுத்த பட்டை, எதுவாக இருந்தாலும் வாயில் கவ்வி, பின்பக்கமாக நடந்து இழுத்துக்கொண்டு போய் திவானுக்கடியில் சேர்த்து வைப்பான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் திவானைத் தள்ளித் திருட்டுப் பொருள்களைப் பங்கு பிரித்துக்கொள்வது எங்கள் வழக்கமானது. அம்மா மட்டும் அந்தப் பக்கம் வரமாட்டாள். அவளுக்குப் பாகு கால்மாட்டில் வந்தால் கால்களைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொள்ளும் அளவுக்குத்தான் உறவு.

அந்த ஏப்ரலில், எனக்கும் அம்மாவுக்கும் பள்ளி விடுமுறை தொடங்கியிருந்த நேரம், பாகு சாப்பாட்டை விட்டான். கோழித் துண்டை மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். வயிற்றைச் சிமெண்டுத் தரையில் பரப்பிப் படுத்துக்கொண்டான். வெயில் தாங்கவில்லை என்று அப்பா டேபிள் ஃபேனை அவன் பக்கம் திருப்பி வைத்தார். வயிற்றில் முடி உருண்டிருக்கும் என்று சித்தப்பா ஏதோ பசை வாங்கி வந்து நக்கக் கொடுத்தார். மறுநாள் காலை அவன் முன்னங்கால்களால் வாயைப் பிறாண்டிக்கொண்டே இருந்தான். எச்சில் ஒழுகியது. பற்களை நறநறவென்று கடிக்கும் சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது. எழுந்து நடக்கப் பார்த்தபோது பின்னங்கால்கள் கூட வரவில்லை, அவனுக்குப் பின்னால் இழுபட்டன.

எச்சிலைப் பார்த்ததும் அப்பாவின் முகம் மாறியது. என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒன்னக் கடிச்சானா? நெஜமா சொல்லு. பல்லு பட்டுச்சா?"

வெறிநாய்க்கு வருவது இவனுக்கும் வந்திருக்குமோ என்பது அவர் பயம். எனக்கு அது புரியவே கொஞ்ச நேரமானது. புரிந்ததும் அதுவரை அழாமல் இருந்த நான் அழ ஆரம்பித்தேன். பாகுவுக்காக அழுதேனா, எனக்காகவா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

பக்கத்துத் தெரு மிருக வைத்தியர் அவனைப் பார்த்துவிட்டு, இந்த ஜாதியைத் தான் தொட்டதே இல்லை என்று நேர்மையாக ஒப்புக்கொண்டார். கிளி, ஆமை, முயல் எல்லாம் பார்க்கும் ஒரு டாக்டரம்மா இந்திராநகர்ப் பக்கம் இருப்பதாகச் சொல்லி, அவரே ஃபோன் செய்து கொடுத்தார். வெளியே கிளம்பும்போது, யாரும் கூப்பிடாமலேயே அம்மாவும் செருப்பை மாட்டிக்கொண்டாள். டொம்லூர் மேம்பாலத்தடியில் ஆட்டோ நகராமல் நின்றது. சித்தப்பாவின் மடியில் துண்டுக்குள் பாகு வாந்தி எடுக்கப் பார்த்தான், ஒன்றும் வரவில்லை. அம்மா ஓட்டுநரின் பக்கம் குனிந்து, "ஸ்வல்ப பேக ஹோகிப்பா" என்றாள். கொஞ்சம் சீக்கிரம் போகச் சொல்லி அவள் யாரையும் கேட்டு அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

டாக்டரம்மா சின்ன உருவம். பேச்சில் கன்னடம், ஆங்கிலம், தமிழ் மூன்றும் கலந்து வரும். வெறிநோய் இல்லை, இவன் வீட்டை விட்டு வெளியே போனதே இல்லையே என்று அப்பாவை முதலில் சமாதானப்படுத்தினார். பிறகு பாகுவின் காதோரத்தில் ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்துவிட்டு, ஈறில் ஒரு சொட்டுத் தேனைத் தடவினார். கணையத்தில் கட்டி வந்தால் சர்க்கரை இறங்கி இப்படி எச்சில் ஒழுகும், கால் இழுக்கும் என்றார். ஆனால் இவனுக்கு அவ்வளவு வயதாகவில்லை. விரல்களால் வயிற்றை மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். பாகு கிறீச்சிட்டான். அவன் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இல்லி ஏனோ இதே. கட்டியா இருக்கு. எதையோ முழுங்கியிருக்கான். ரப்பர் ஐட்டம்னா எக்ஸ்ரேல சரியா தெரியாது. ஆபரேஷன் மாட்லேபேக்கு, இவத்தே."

இன்றைக்கே திறந்தாக வேண்டும். குடல் அடைத்து நேரமாகிவிட்டது, பிழைப்பான் என்று உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

வெளியே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தோம். எங்கள் எதிரே ஒருவர் மடியில் ஆமையை வைத்துக்கொண்டிருந்தார். ரப்பர் என்ற சொல் எங்கள் நான்கு பேரையும் பிடித்து ஆட்டியது. சித்தப்பா பையிலிருந்து இயர்ஃபோனை எடுத்து, காதில் வைக்கும் ரப்பர் முனைகள் இரண்டும் இருக்கின்றனவா என்று பார்த்தார். ஒன்று இல்லை. அவர் தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். அப்பா குளியலறைச் செருப்பைப் பற்றிச் சொன்னார். நான் என் பென்சில் டப்பாவை மனதுக்குள் கொட்டி, காணாமல் போன ஸ்ட்ராபெரி வாசனை அழிரப்பரைத் தேடிக்கொண்டிருந்தேன். அம்மா குக்கர் கேஸ்கெட்டைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன்.

கதவு திறந்தது. டாக்டரம்மா முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டிருந்தார். முதலில் அவர் சொன்னது, மூச்சு இருக்கிறது என்பது. அதற்குப் பிறகுதான் கையிலிருந்த சின்ன எஃகுத் தட்டைக் காட்டினார்.

என் அழிரப்பர் இல்லை. இயர்ஃபோன் முனை இல்லை. இளம் பழுப்பு நிறத்தில், நாள்பட்டுப் பிசுபிசுத்த ரப்பர் துண்டுகள். ஒரு துண்டு குவிந்து விரல்நுனி போலிருந்தது. அதன் உச்சியில் ஊசியால் குத்தியது போல் ஒரு துளை. டாக்டரம்மா அதைக் இடுக்கியால் திருப்பிக் காட்டி, எங்களைக் கொஞ்சம் கோபமாகவே பார்த்தார்.

"ஃபீடிங் பாட்டில் நிப்பிள் இது. வீட்ல கைக்கொழந்த இருக்கா? இவன் இருக்கற வீட்ல பாட்டில எல்லாம் மேல வெக்கணும், கொத்தா, தெரிஞ்சுதா?"

"எங்க வீட்ல கொழந்தையே இல்ல டாக்டர்" என்றார் சித்தப்பா. சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவர் குரல் இறங்கிவிட்டது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். உடனே பார்வையைத் தரைக்குக் கொண்டுபோனார்.

அப்பா அம்மாவிடம் மிக மெதுவாகக் கேட்டார்.

"இன்னும் வச்சிருக்கியா?"

அம்மா எழுந்து போய் தட்டைப் பார்த்தாள். அப்புறம் அவள் கேட்டதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

"டாக்டர், அத எனக்குத் தருவீங்களா?"

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ரத்தமும் குடல்நீரும் ஒட்டிய துண்டுகள் அவை. எங்கள் வீட்டில் யாராவது குப்பைத்தொட்டியைத் தொட்டால் சோப்புப் போட்டு இரண்டு தரம் கை கழுவ வைக்கிறவள் அம்மா. அவள் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றாள். டாக்டரம்மா அவள் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், துண்டுகளைக் கழுவி, வெள்ளைத் துணியில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா அதைக் கைப்பையில் வைத்து ஜிப்பை மூடினாள். பாகுவை டாக்டரம்மாவிடமே விட்டுவிட்டு ஆட்டோவில் திரும்பினோம். பாகு பிழைத்ததற்கு ஏன் இவர்கள் ஒருவரும் சந்தோஷப்படவில்லை என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தன் கட்டிலுக்கடியிலிருந்து பழைய ரெக்சின் பெட்டி ஒன்றை இழுத்தாள். அதன் ஜிப் ஒரு கையளவு திறந்திருந்தது. பாகு அதைப் பல்லால் கடித்து இழுத்துத் திறந்திருக்கிறான் என்று நான் முடிவு கட்டினேன். அவனுடைய சாமர்த்தியத்தை எண்ணி வியந்தேன். அம்மா உள்ளே பார்க்க விடவில்லை. அப்பா வந்து, மண்டியிட்டு, ஜிப்பில் சிக்கியிருந்த நூலைப் பொறுமையாக எடுத்து மூடிக் கொடுத்தார். இருவரும் தரையிலேயே சுவரில் சாய்ந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். நான் வாசலில் நிற்பது தெரிந்தும் போகச் சொல்லவில்லை.

மறுநாள் நானே துப்பறிந்தேன். கீழ்வீட்டு ஆன்ட்டியின் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். வீதியிலேயே கைக்குழந்தை இருந்த வீடு அது ஒன்றுதான். படி இறங்கிப் போய் ஆன்ட்டியிடம், எங்கள் பாகு உங்கள் பாப்பாவின் பாட்டில் ரப்பரைத் திருடித் தின்றுவிட்டான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று நல்ல பிள்ளையாகச் சொன்னேன். எங்கள் பாப்பா பாட்டிலில் குடிப்பதில்லையே என்று சிரித்தார் அவர். பழைய ரப்பர், பழுப்பு நிறம், அம்மா அதைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள் என்று நான் மேலும் விவரம் சொல்லச் சொல்ல அவர் சிரிப்பு நின்றது. என் தலையில் கை வைத்தார்.

"அம்மன ஹத்ர கேள்பேட, புட்டி. அம்மாவ இதப் பத்தி ஒண்ணும் கேக்காத."

கேட்கக் கூடாது என்றால் கேட்காமல் இருக்க முடியுமா. அன்று மத்தியானமே கேட்டேன். அம்மா வெந்த கோழியை மிக்ஸியில் அரைத்துக்கொண்டிருந்தாள். அது யாருடையது என்றேன். அவள் மிக்ஸியை நிறுத்தாமலே, "ஒன்னோடதுதான், நீ பாப்பாவா இருந்தப்போ" என்றாள். எனக்கு நிம்மதியாகிவிட்டது.

அன்று சாயங்காலம் பாகு வீட்டுக்கு வந்தபோது வயிற்றில் முடி மழித்து, நீலத் தையலோடு இருந்தான். அரைத்த கோழியை வெந்நீரில் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்க வேண்டும். சித்தப்பா லீவு போடத் தயாராக இருந்தார். அம்மா சிரிஞ்சை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். இனி என்னால் ஆகாது என்று சொன்ன அதே அம்மா அவனைத் துண்டில் சுற்றி முழங்கையில் சாய்த்து, வாயோரத்தில் சிரிஞ்சை வைத்து, சொட்டுச் சொட்டாக இறக்கினாள். அவன் விழுங்கும் வரை காத்திருந்தாள். விழுங்கினால் மட்டும், "அப்டித்தான், அப்டித்தான்" என்பாள். அவளுக்கு அது எப்படி இவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது என்று சித்தப்பா வியப்பார் என எதிர்பார்த்தேன். அவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

தையல் பிரிக்கப் போனபோது டாக்டரம்மாவிடம் கேள்வி கேட்டதெல்லாம் அம்மாதான். வாலில் முடி கொட்ட ஆரம்பித்தால் அலட்சியமாக இருக்கக் கூடாது, சிறுநீரகத்துப் பக்கத்துச் சுரப்பியில் கோளாறாக இருக்கும். நாய்க்குப் போடும் டிஸ்டம்பர் ஊசி இவனுக்கும் தேவை, அந்த நோய் வந்தால் பிழைக்காது. கோடையில் ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்க வேண்டும். நம் சளிக்காய்ச்சல் இவனுக்குத் தொற்றும். இதைக் கேட்ட பிறகு அப்பாவுக்கு ஒருமுறை காய்ச்சல் வந்தபோது, அவர் முகமூடி கட்டிக்கொண்டு, ஒரு ஃபெரட்டுக்குப் பயந்து தன் வீட்டிலேயே ஓரமாக நடமாடினார். வீட்டிலிருந்த ரப்பர் எல்லாம் பரணுக்கு ஏறியது. அம்மாவுக்குக் கடைசியில் பாகுவைப் பிடித்துப்போய்விட்டது, ஒரு ஆபரேஷன்தான் தேவைப்பட்டது என்று நான் வகுப்பில் சொன்னேன். என் பாட்டில் ரப்பரால் ஓர் உயிர் போகப் பார்த்தது என்பதையும் கொஞ்சம் பெருமையாகவே சேர்த்துக்கொண்டேன்.

நான் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு ஒருநாள், சித்தப்பாவின் காரில் போய்க்கொண்டிருந்தோம். பேச்சு பாகுவின் பக்கம் போனது. அவன் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கடைசிக் காலத்தில் டாக்டரம்மா முதலில் சந்தேகப்பட்ட அந்தக் கணையக் கட்டியே வந்து, அம்மா தேன்பாட்டிலும் கையுமாக அலைந்தாள். நான் வழக்கம்போல என் பாட்டில் ரப்பர் கதையை எடுத்தேன். சித்தப்பா சாலையைப் பார்த்துக்கொண்டே, "ஒன்னோடது இல்லியே அது. நீ பாட்டில்லயே குடிச்சதில்ல. அது ஒங்க அண்ணனோடது" என்றார்.

எனக்கு அண்ணன் யாரும் கிடையாது. அவர் சொன்னது காதில் விழுந்தும் உள்ளே போகவில்லை. என் பக்கம் திரும்பிப் பார்த்தவர் வண்டியை ஓரம் கட்டினார்.

"ஒனக்குத் தெரியும்னு நெனச்சேனே" என்றார்.

எனக்கு முன்னால் ஒருவன் பிறந்திருக்கிறான். மாதம் நிறையாமல் பிறந்தவன். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே இருந்தான். குழாய் வழியாகத்தான் பால் இறங்கியது. கொஞ்சம் தேறியதும், சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாகக் கொடுக்க அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். ஒருநாள் நர்ஸ், நாளைக்குப் பாட்டிலில் கொடுத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறாள். அப்பா அந்த நிமிடமே கிளம்பி, ஆஸ்பத்திரி வாசலில் இருந்த கடையில் பாட்டில் வாங்கி வந்தாராம். ராத்திரியே கொதிக்க வைத்துத் துடைத்துத் தயாராக வைத்தாராம். காலையில் அவர்கள் உள்ளே போனபோது கண்ணாடிப் பெட்டி காலியாக இருந்தது.

கார் நின்றிருந்தது. பக்கத்தில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. இத்தனை வருடமும் நான் சிரித்துச் சிரித்துச் சொன்ன கதை முழுவதும் எனக்குள் ஒருமுறை ஓடி நின்றது. அந்தப் பெட்டியின் ஜிப்பில் பல் தடம் எதுவும் இருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. யாரோ அதை அவ்வப்போது திறந்து பார்த்திருக்கிறார்கள். அப்படி ஒரு நாளில்தான் சரியாக மூட மறந்திருக்கிறார்கள்.

ஆபரேஷன் நடந்த அந்த வருடம் நவம்பரில், கல்லறைத் திருநாளன்று, நாங்கள் எப்போதும்போலக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். தாத்தாவின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி மாலை போட்டு, சாமியார் வந்து மந்திரித்துவிட்டுப் போனதும், அம்மா ஒவ்வொரு வருடமும் செய்வதுபோல ஒரு மெழுகுவத்தியை எடுத்துக்கொண்டு மதில் ஓரத்துக்குத் தனியாகக் கிளம்பினாள். அங்கே பெயர் எழுதாத சின்னச் சின்ன மண்மேடுகள் இருந்தன. கேட்க ஆளில்லாத கல்லறைகளுக்கு அம்மா செய்கிற தர்மம் அது என்று நான் நினைத்திருந்தேன். அந்த வருடம் மட்டும் அவள் திரும்பி, "நீயும் வரியா?" என்று கேட்டாள்.

போனேன். அவள் ஒரு மேட்டின் முன்னால் நின்று மெழுகுவத்தியை என் கையில் கொடுத்தாள். தீக்குச்சியைக் கிழித்துக் காற்றுக்கு மறைத்துப் பிடித்துக்கொண்டாள். நான் ஏற்றி, மெழுகைச் சொட்டவிட்டு, மண்ணில் நட்டேன். கொஞ்சம் சாய்ந்தாற்போல நின்றது. அம்மா ஏதோ சொல்ல வருவதுபோல என் தோளில் கை வைத்தாள். நான் அதற்குள் அவள் கையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்துவிட்டேன். வீட்டில் பாகு தனியாக இருந்தான். அவனுக்குச் சாப்பாட்டு நேரமாகிவிட்டது என்றேன்.

"ஆமா, பசிக்கும்" என்றாள் அம்மா. என்னோடு வந்தாள்.